பாதை, இரண்டாம் தடவை

ஒரு நிமிடம் தருவேன் என்றேன்.
'க'வில் தொடங்கும் சொற்கள், வாயில் வருவதெல்லாம்.
கா, கி, கூ, எதுவென்றாலும் சரி.
ஆட்பெயர் கூடாது. ஊர்ப்பெயர் கூடாது.
கல் என்று சொன்ன பிறகு
கற்கள் கணக்கில் வராது.

சாலிஹீன். வயது ஐம்பத்தெட்டு. எட்டாம் வகுப்பு.
மாசி மாதம், மூளையின் இடப்பக்கம் ஓர் அடைப்பு.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்,
வளைவு வரப்போவது தெரிந்தவர் போல.

"கதவு," என்றார்.
"கம்பி. காசு."
பிறகு ஒன்றுமில்லை.
துறைமுகத்தில் எதுவோ ஊதியது.
கப்பல், என்று என் நாக்கின் அடியில் ஓடியது.
நான் சொல்லக்கூடாது.
பதினெட்டு விநாடி போயிருந்தது.

"கிண்ணியா!"
திடுக்கிட்டுவிட்டேன். அது வேறு குரல்,
இரைச்சலுக்கு மேலால் எறியப் பழகிய குரல்.
"கட்டைபறிச்சான், கிளிவெட்டி,
கதிரவெளி, காயான்கேணி, கல்குடா"
ஒன்றை ஒன்று முந்தவில்லை,
தெற்கே தெற்கே போய்க்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வருடம் மட்டக்களப்பு பஸ்ஸில் கொண்டக்டர்.
படிவத்தில் தொழிலுக்கு ஒரேயொரு கோடுதான் விட்டிருக்கிறார்கள்.

ஆறு ஊரையும் எழுதினேன்.
ஆறுக்கும் பக்கத்தில், விதிப்படி, பிழைக்குறி.
அந்த ரோட்டில் எத்தனை தடவை
ஆட்களை இறக்கி வரிசையில் நிறுத்தியிருப்பார்கள்.
இன்று என் பென்சில் ஊர்களையே இறக்கிவிட்டது.

"ஊர் சொல்லக்கூடாது, நானா."
"அப்ப இந்த பஸ் எங்க போகுது, மகள்?"

அடுத்தது மிருகங்கள்.
"ஆடு. ஆட்டுக்குட்டி, அதுக்கு அரை டிக்கட்.
கோழி. பூனை, சாக்குக்குள்ள.
கோழி."
யன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வளவில்
மூன்று மான்கள் ஒரு லஞ்சீட்டைத்
தின்றுகொண்டு நின்றன.
அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார் நிமிடம் முடியும்வரை.
சொல்லவில்லை.
காண்பது ஒன்று, கண்டதன் பெயர் வருவது இன்னொன்று.
இடையில் உள்ள தூரத்தை அளக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

கடைசியாக 'ப'.
"பஸ். பை. பாலம். பாதை."
நீண்ட நேரம்.
"பலகை."
இன்னும் நீண்ட நேரம்.
"பாதை."
திரும்பச் சொன்னதற்கு 'மீ' என்று போட்டேன். மணி அடித்தது.

"அது வேற பாதை," என்றார்.
நான் கேட்கவில்லை.
"முந்திச் சொன்னது ரோட்டு.
இது பாலம் கட்ட முந்தி எங்கட துறையில
பஸ்ஸ ஏத்தி அக்கரைக்குக் கொண்டுபோற பாதை.
மழைக்குப் பலகை வழுக்கும்.
நடுத்தண்ணியில எஞ்சின் நிண்டா
எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க.
நானும் பேசாம நிப்பேன். பேசி என்ன?"

ஒரு மூச்சில் இத்தனை சொற்கள்.
ஒன்றும் 'ப'வுக்காகத் தேடப்படவில்லை.

ஒரே ஒலி, இரண்டு பொருள் என்றால்,
சொன்னவரே பிரித்துக் காட்டினால், இரண்டையும் ஏற்கலாம்.
கைநூல் அப்படித்தான் சொல்கிறது.
மணி அடித்த பிறகு பிரித்துக் காட்டினால்?
கைநூல் எழுதப்பட்ட நகரத்தில்
யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லைப் போலும்.

வெளியே றாபியா உம்மா பைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.
"பாஸா, மிஸ்?"
"இதில் பாஸ், பெயில் இல்லை" என்றேன்.
அது உண்மை. எல்லா உண்மையும் அல்ல.

எழுத்துவழிச் சொல்லோட்டம்: நலிவு.
வகைவழி: நலிவு.
விதிமீறல்: ஆறு.
தட்டச்சு செய்துகொண்டிருக்கையில்
மாடிப்படிக் கம்பியில் இரண்டு தட்டுக் கேட்டது.
உம்மாவின் செருப்பு கீழே இறங்கத் தொடங்கியது.
பின்னால் ஊன்றுகோல்.

'ப'வுக்கு எதிரே ஐந்தா, ஆறா?
அழிறப்பர் தேய்த்துத் தேய்த்து
அந்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது.
நாளைக்கு அறிக்கை போகவேண்டும்.